ஒரு நாளுக்கு மூன்று மழை

பக்கத்து வீட்டுக் கிணற்றை இன்று காலை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். அந்த நெடி மதிலைத் தாண்டி என் மேசைவரைக்கும் வந்துவிட்டது. கணினியில் புதிதாக வெளியான வானிலைத் தரவு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்து உனக்கு எழுதுகிறேன்.

இந்த நெடி மூக்கில் ஏறினால் எனக்கு இரண்டு தண்ணீர் ஞாபகம் வரும். ஒன்று நம் இரண்டு பேரையும் சேர்த்தது. மற்றது உன்னைக் கொண்டுபோனது. முதலாவதைச் செய்தது கடல். கடலோடு எனக்குக் கோபம் இல்லை, கடலைப் பழிவாங்க எவராலும் முடியாது. இரண்டாவதைச் செய்தது ஒரு மனிதர்.

சுனாமி முடிந்து கல்முனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நாங்கள் முகாமில் இருந்தோம். வாப்பாவை அடக்கிவிட்டு உம்மாவும் நானும் என் அண்ணன் காக்காவின் குடும்பமும் ஒரு வகுப்பறைக்குள் கிடந்தோம். காரைதீவிலிருந்து கிணறு துப்புரவாக்க வந்த கூட்டத்தில் நீ இருந்தாய். உன் அம்மாவையும் அதே கடல்தான் எடுத்தது என்று அன்று நீ சொல்லவில்லை. பிளீச்சிங் பவுடர் வாளியோடு பள்ளிக்கூடக் கிணற்றடியில் நின்றாய். நான் கயிற்றைப் பிடித்தேன்.

"எவ்வளவு இறைச்சாலும் உப்புத்தான் வருது," என்றேன்.

"வாற மாரிக்குக் கழுவுப்படும் கா. எவ்வளவு பெய்யும் எண்டு தெரிஞ்சா, எப்ப நல்ல தண்ணி வரும் எண்டு சொல்லிப்போடலாம்."

"அது ஆருக்குத் தெரியும்?"

"பழைய மழையெல்லாம் என்ன செஞ்சதெண்டு பாத்தா, கொஞ்சமாவது தெரியும்."

நீ பௌதிகவியல் படித்தவள் என்பதும், நானும் அதைத்தான் படித்தேன் என்பதும் அந்தக் கிணற்றடியில்தான் தெரியவந்தது. இரண்டு பேரும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம். வாப்பா போனபிறகு நான் சிரித்த முதற்சிரிப்பு அது.

அடுத்த வருடம் கிழக்குக் கரையின் காலநிலையை ஆராய வெளிநாட்டுக் காசில் ஒரு திட்டம் வந்தது. நம் இரண்டு பேருக்கும் அதில் வேலை கிடைத்தது. கல்முனையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே வாடகை அறை, இரண்டு கணினி, கரண்ட் போனால் முக்கி முனகும் ஒரு ஜெனரேட்டர். செய்ய வேண்டியதை நம் வீட்டாருக்கு விளங்கப்படுத்தவே பாடுபட்டோம். உலகம் முழுவதும் நிலையங்களும் கப்பல்களும் பலூன்களும் செய்மதிகளும் அளந்தவற்றைச் சேர்த்து, அளக்காத இடங்களைக் கணினியால் நிரப்பி, கடந்துபோன ஒவ்வொரு நாளின் வானிலையையும் திரும்பக் கட்டியெழுப்பி வைத்திருக்கிறார்கள். மீள்பகுப்பாய்வுத் தரவு என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு நாட்டவரும் தங்கள் முறையில் கட்டியிருப்பதால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அவற்றில் மூன்றை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எங்கள் மாரியை ஓரளவுக்காவது சரியாகச் சொல்கிறது, எது எங்கே பிழைவிடுகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை. உன் அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார், "அப்ப ஒரு நாளுக்கு மூண்டு மழையா மகள்?" ஓம், ஒரு நாளுக்கு மூன்று மழை.

மூன்றுக்கும் நீதான் பட்டப்பெயர் வைத்தாய். எப்போதும் குறைத்துப் பெய்விப்பது கஞ்சன். பெய்தால் ஒரேயடியாகக் கொட்டித் தள்ளுவது அலட்டல். நடுவில் நின்று நிதானமாகப் பேசுவது வாத்தியார். அலட்டல் இன்றைக்கு என்ன சொல்லுது என்று கேட்டுக்கொண்டே நீ படியேறி வருவாய். கீழே மருந்துக்கடைக்காரர் நாம் யாரையோ வாய்க்கு வந்தபடி ஏசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தரவுகள் உலகத்தைச் சதுரங்களாக வெட்டித்தான் வைத்திருக்கும். ஒவ்வொரு சதுரமும் ஒன்றில் தரை, இல்லாவிட்டால் கடல். ஒரு நாள் கஞ்சனின் சதுரங்களை நம் கரைக்கு மேல் போட்டுப் பார்த்தோம். கல்முனை கடலுக்குள் இருந்தது. சாய்ந்தமருதும் காரைதீவும் அதே சதுரத்தில்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ திரையைக் கையால் மறைத்தாய்.

"அவங்களுக்கு நம்மட ஊர் முதல்லயே கடல்தான். அதுதான் கஞ்சன்ட மழை குறையிற. நோட் பண்ணு கா. அழுதுட்டு நோட் பண்ணு."

இன்னொன்றும் சொல்வாய். எந்த ஆய்வுக் கூட்டத்திலும் யாராவது ஒரே தரவை வைத்துக்கொண்டு முடிவு சொன்னால், உன் முகம் மாறும். "பிடிச்சதை மட்டும் காட்டுறவன் பொய் சொல்ல வந்தவன். மூண்டையும் போடு." எனக்கு அப்போது அது வேலைக்கான ஒரு விதி மட்டும்தான்.

யுத்தம் நடந்த வருடங்களில் உள்ளூர் மழைமானிகள் பலவற்றை வாசிக்க ஆள் இருக்கவில்லை. ஏடுகள் வெறுமையாகக் கிடந்தன. ஆனால் மூன்று தரவுகளிலும் அந்த நாட்களுக்கும் மழை இருந்தது. யாரும் அளக்காத இடத்தில் கணினி தானே பெய்வித்த மழை. "இதை எப்படி நம்புற?" என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டாய். யுத்தம் முடிந்த நாளில் சந்தியில் பட்டாசு வெடித்தது. சென்றியில் காவல் நின்ற சிப்பாய் ஒருவர் மேலே வந்து நமக்குப் பாற்சோறு தந்துவிட்டுப் போனார். நீ நன்றி சொல்லி வாங்கி மேசையின் ஓரத்தில் வைத்தாய். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து வேலை செய்தாய். கடைசிச் சண்டை நடந்த வன்னியில் உன் சித்தியின் குடும்பம் உயிரோடு இருந்ததோ இல்லையோ என்று தெரியாத நாள் அது. பாற்சோறு பின்னேரம்வரை அங்கேயே இருந்தது.

அடுத்த மாரிதான் உன்னுடையது.

மேற்கே உள்ள அந்தக் குளத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். யுத்தம் முடிந்த கையோடு அதன் அணைக்கட்டைத் திருத்தினார்கள். கொழும்பிலிருந்து அரசாங்கப் பெரியவர் ஒருவர் வந்து திறந்துவைப்பதாக வீதி நெடுகப் பதாகை கட்டியிருந்தது. அவர் வரும் நாளில் குளம் விளிம்புமுட்ட நிறைந்து நிற்க வேண்டும் என்று கதவுகளைப் பூட்டியே வைத்திருந்தார்கள். பிறகு மழை பிடித்தது. விடாமல் பெய்தது. விழாவும் தள்ளிப்போனது, கதவுகளும் பூட்டியபடியே இருந்தன. அணை தாங்காது என்ற பயம் வந்த பிறகு, ஊருக்கு ஒரு சொல் சொல்லாமல், எல்லாக் கதவுகளையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டார்கள்.

அன்று காலை மழை விட்டிருந்தது. வயல்வட்டையில் பயிருக்குக் காவல் இருந்த அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவர நீ போனாய். சைக்கிளை என்னிடம்தான் வாங்கிப் போனாய். வயலுக்கு நடுவில் உன் அப்பாவின் காவற்குடிசை வாடி, வாடிக்குப் பக்கத்தில் ஒரு மருதமரம். அடக்கம் முடிந்த பிறகு அவர் எனக்குச் சொன்னார்:

"வெள்ளம் எண்டா ஏறி ஏறி வரும் மகள், நமக்குத் தெரியும்தானே. இது சுவர் மாதிரி வந்திச்சு. என்னைத் தள்ளித் தள்ளி மரத்தில ஏத்திட்டா. அவவுக்கு ஏற நேரமில்ல. கீழ்க்கொப்பப் புடிச்சிட்டு நிண்டா. கழுத்து மட்டும் தண்ணி. 'அப்பா, கீழ பாக்காதீங்க' எண்டு சொல்லிட்டே நிண்டா. நான் பாத்திட்டுத்தான் இருந்தன்."

அவர் அழவில்லை. வீட்டுக் கிணற்றுக்குள் வெள்ளம் போயிருந்ததால் யாரோ பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து அந்தக் கிணற்றடிக்குப் போனேன். அந்த இடத்தில் நின்றுதான் முடிவெடுத்தேன், இதைச் செய்த ஆளை நான் விடுவதில்லை என்று.

ஆள் யாரென்பதும் தெரிந்தது. குளத்துக்குப் பொறுப்பான எஞ்சினியர். எங்கள் ஊர்க்காரர். காக்காவின் மனைவி, என் மதினிக்கு, மாமா முறை. நாங்கள் முகாமில் கிடந்தபோது கூரைக்குத் தகரம் ஏற்றிக்கொண்டு வந்து தந்தவர்களில் அவரும் ஒருவர். விசாரணை என்று ஒன்று வைத்தபோது நான் சாட்சி சொல்லப் போவதாகக் காக்காவிடம் சொன்னேன்.

"அவர் நம்மட ஆள் புள்ள. நாளைக்கு ஊருக்குள்ள மொகத்தப் பாக்கணும். தகரம் தந்த மனிசன்."

"செத்ததும் நம்மட ஆள்தான் காக்கா."

"இது தமிழாக்களுக்கும் முஸ்லிமாக்கள் நமக்கும் சண்டை எண்டு திரும்பும். ஒனக்கு விளங்குதா?"

"திருப்பிறவன் திருப்பட்டும். நான் மழையப் பத்தித்தான் கதைக்கப் போறன்."

காக்கா அதன்பிறகு நெடுங்காலம் என்னோடு கதைக்கவில்லை. மதினி என் தட்டைத் தனியாகக் கழுவி வைத்தாள்.

அம்பாறைக் கச்சேரியில், அரச அலுவலகத்தில், விசாரணையின் முதல் அமர்வு. உன் அப்பாவும் நானும் பின்வரிசை வாங்கில் இருந்தோம். எஞ்சினியர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடு எழுந்து நின்றார். "ஒரே ராவில கொட்டின மழை. ஆரும் எதிர்பாக்க ஏலாத மழை. கதவத் தொறக்காட்டி அணையே போயிருக்கும்," என்றார். அத்தாட்சியாக ஒரு வரைபடத் தாளைக் கொடுத்தார். உலகம் ஏற்றுக்கொண்ட தரவு என்றார். அதன் பிரதி ஒன்று என் கைக்கும் வந்தது. பார்த்தவுடனே ஆளை அடையாளம் கண்டுகொண்டேன். அலட்டல்! நம்முடைய அலட்டல். ஒற்றை இரவில் மலைபோல எழுந்து நின்றது கோடு. குழுவில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். உன்னைக் கொன்ற மனிதர் உன் வேலையிலிருந்தே ஒரு துண்டை உருவி எடுத்துத் தனக்குக் குடையாகப் பிடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று தரவுகளையும் இறக்கினேன். கஞ்சனைத் திறந்தேன். அந்த இரவுக்குக் கஞ்சன் காட்டிய மழை ஒரு தூறலுக்குச் சற்று மேலே. இதை மட்டும் அச்செடுத்துக்கொண்டு போனால் போதும். மழையே பெய்யாத இரவில் பொய் சொன்ன மனிதர் என்று அவரை அந்த மண்டபத்திலேயே உரித்துத் தொங்கவிடலாம். அச்செடுத்தேன். அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது.

அதைக் கொண்டுபோகவில்லை. நேர்மைக்காக என்று நினைத்துவிடாதே. நீ சொன்ன விதி என் காதுக்குள் நின்றது உண்மை, செத்த பிறகும் என் கையைப் பிடிக்கிறாயே என்று உன்மேல் எரிச்சல் வந்ததும் உண்மை. ஆனால் நான் யோசித்தது வேறு. கஞ்சனுக்கு நம் கரை கடல் என்பது வேலை தெரிந்த யாருக்கும் தெரியும். ஒருவன் எழுந்து அதைச் சொன்னால் என் தாள் கிழிந்தது, எஞ்சினியர் அதன் வழியாகவே வெளியே போய்விடுவார். நான் பின்னும் வலையில் ஓட்டை இருக்கக்கூடாது. அதற்காகத்தான் மூன்றையும் எடுத்து, அவருடைய தாளைப் பக்கத்தில் வைத்து, கண் வலிக்கப் பார்த்தேன்.

அப்போதுதான் தெரிந்தது. அவர் கொடுத்த வரைபடம் அந்த இரவோடுதான் தொடங்கியது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. அதே அலட்டலை மாதத் தொடக்கத்திலிருந்து வரைந்தேன். இடப்பக்கம் முழுக்க மழை. வாத்தியாரிலும் மழை. கஞ்சனிலும்கூட, கஞ்சனின் அளவுக்கு, அதே நாட்களில் மழை. அந்த இரவு எவ்வளவு பெய்தது என்பதில் மூன்றும் தங்களுக்குள் அடிபட்டன. அதற்கு முன் பல நாட்களாகப் பெய்துகொண்டிருந்தது, குளம் நிறைந்துகொண்டே வந்தது, கதவைச் சிறுகச் சிறுகத் திறக்க வேண்டிய அளவு நேரம் இருந்தது என்பதில் மூன்றுக்கும் ஒரே பேச்சு.

அடுத்த அமர்வில் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு நாளுக்கு ஏன் மூன்று மழை என்பதிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொன்றும் எங்கே பிழைவிடும் என்பதையும் நானே சொன்னேன், கஞ்சனின் கடலையும் மறைக்கவில்லை. பிறகு எஞ்சினியரின் தாளை உயர்த்திப் பிடித்தேன். தலைவர் அனுமதி தந்தார். எஞ்சினியரைப் பார்த்தே கேட்டேன்.

"இது நீங்க தந்த தாள்தானே?"

"ஓம் புள்ள."

"இதே தரவு முழுசா இந்தா இருக்கு. இதுல அந்த ராவுக்கு முன்னால உள்ள மழையெல்லாம் உங்கட தாள்ல காணல்லயே. இடப்பக்கத்த ஏன் வெட்டினீங்க?"

அவர் தன் தாளைப் பார்த்தார், என் தாளைப் பார்த்தார்.

"தாள்ல எடம் போதல்ல," என்றார்.

யாரோ சிரித்தார்கள். உன் அப்பா சிரிக்கவில்லை. அவர் எழுந்து, வாங்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். நான் அந்த இடத்திலேயே நின்று எஞ்சினியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் வேர்வை, சேட்டுக் கழுத்து நனைந்தது, கை துடைக்க லேஞ்சியைத் தேடியது. ஒன்றையும் தவறவிடாமல் பார்த்தேன். எனக்கு இனித்தது. உனக்கு மறைக்க என்ன இருக்கிறது? இனித்தது.

அறிக்கை வரக் காலம் எடுத்தது. கதவுகளை முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும், ஊருக்கு அறிவித்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். விழாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெரியவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சினியரைப் பதவியிலிருந்து இறக்கி, பென்சனோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கு, சிறை என்று எதுவும் இல்லை. எனக்கு அது போதவில்லை. நம் ஒப்பீட்டை எழுதி முடித்து வெளியிட்டேன், உன் பெயரை முதலில் போட்டு. அதில் அந்தக் குளத்தின் அந்த வாரத்தை உதாரணமாக வைத்தேன். ஒரே தரவைப் பிடித்துக்கொண்டு, வசதியான துண்டை மட்டும் வெட்டிக் காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு. இன்றும் நான் படிப்பிக்கும் மாணவர்களுக்கு அதைத்தான் காட்டுகிறேன். ஆளின் பெயரைச் சொல்வதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் தேவையில்லை. அவருடைய பேரனும் ஒரு வருடம் என் வகுப்பில் இருந்தான். அந்த வருடமும் காட்டினேன்.

போன வருடம் எஞ்சினியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பயணத்துக்கு முன் வீடு வீடாகப் போய்ப் பிழை பொறுக்கக் கேட்பார்கள், உனக்கும் தெரியும். தொப்பி போட்டு, தாடி முழுக்க நரைத்து, வாசலில் நின்றார். உம்மா உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்.

"பயணம் வச்சிரிக்கன் புள்ள. தெரிஞ்சோ தெரியாமலோ என்ன செஞ்சிரிந்தாலும் பொறுத்துக்கங்க."

"எனக்கு நீங்க ஒண்டும் செய்யல்ல. தகரம் தந்தீங்க. அதுக்கு எண்டைக்கும் அல்லாஹ்விட்ட உங்களுக்குத் துஆக் கேப்பன்."

"மத்த விசயம்..."

"அது என்ட ஹக்கு இல்ல, பொறுக்கிற உரிமை எனக்கில்ல. காரைதீவுக்குப் போங்க. அவட வாப்பா உசிரோட இரிக்கார். கூப்புடு தூரம்தானே."

அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க போய் நான் என்னெண்டு நிக்கிற?"

"நிண்டு பாருங்க. அவள் கழுத்தளவு தண்ணியில நிண்டவள்."

உம்மா "புள்ள!" என்றார். எஞ்சினியர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். செருப்பைப் போடக் கொஞ்சம் தடுமாறினார். நான் உதவிக்குப் போகவில்லை.

அவர் காரைதீவுக்குப் போகவில்லை. உன் அப்பாவிடம் கேட்டேன், யாரும் வரவில்லை என்றார். ஹஜ்ஜுக்குப் போனார், வந்தார். பேரீச்சம்பழமும் மக்காவின் புனித ஸம்ஸம் தண்ணீரும் எங்கள் வீட்டுக்கும் அனுப்பினார். நான் திருப்பி அனுப்பினேன். ஸம்ஸத்தைத் திருப்புகிறாயே பாவி என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

போதும், வயது போன மனிதர், ஆறிவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது காக்காவும் நல்லபடியாகவே சொல்கிறார். நீ இருந்தால் நீயும் சொல்வாய். உன்னை எனக்குத் தெரியும். சென்றியில் உன் சோற்றுப் பார்சலைப் பிரித்து மண்ணில் கொட்டியவனிடம் அடுத்த கிழமையே போய், காய்ச்சல் சுகமா என்று கேட்டவள் நீ. எஞ்சினியர் வந்து நின்றிருந்தால் அவருக்கு இருக்கக் கதிரை போட்டிருப்பாய். அவர் சொல்லி முடிக்குமுன்னே, விடுங்க ஐயா என்று சொல்லியிருப்பாய்.

ஆனால் எங்கள் மார்க்கத்தில் ஒரு கணக்கு உண்டு. மனிதர் மனிதருக்குச் செய்த குற்றத்தை, அந்த மனிதரே பொறுக்க வேண்டும். அதுவரைக்கும் அல்லாஹ்வும் அதைப் பொறுக்கமாட்டான். அவரைப் பொறுக்கக்கூடிய ஒரே ஆளைத்தான் அவர் தண்ணீரில் விட்டார். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வீதியில் கண்டால் ஸலாம் சொல்கிறார். பதில் சொல்வது கடமை, சொல்கிறேன். அதற்குப் பிறகும் அவர் போகாமல், இன்னும் ஒரு சொல் வராதா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டு நான் நடக்கிறேன்.